மேசுக்குள் வந்த குழல்

கப்பலில் வந்த பெட்டியை உடைத்தபோது பஞ்சலிங்கத்தார் கதிரையை விட்டு அசையவில்லை. சுவிசில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய பெட்டி அது. பெண்ணைக் கொடுக்கிறவன் பண்டத்துக்குப் பாய்ந்து விழுந்தான் என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது. மகள் கஜானியின் தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்தாயிற்று.

மனைவி ஞானாம்பிகைதான் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள். சொக்லேற், சவர்க்காரம், வாசனைப் போத்தல்கள். கப்பலில் பெட்டிக் கணக்குக்குத்தான் கூலி என்பதால் அனுப்புகிறவர்கள் விரலிடைகூட விடமாட்டார்கள். போத்தல்களுக்கு நடுவே, காலில் சப்பாத்துக்குள் போடுகிற பழைய மேசுகளைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். அதில் ஒன்று கனத்தது. உதறினாள். கறுத்த இரும்புக் குழல் ஒன்று சீமெந்து நிலத்தில் விழுந்து உருண்டது.

"தண்ணி மோட்டருக்குப் போடுறதோ என்னவோ," என்றாள்.

பஞ்சலிங்கத்தார் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். துளைக்குள்ளே வரிகள் திருகலாய் ஓடின. எந்த மோட்டருக்கும் இப்படி வரி கிடையாது, சுடுகிற துவக்கின் குழலுக்குத்தான் உண்டு. சண்டைக் காலம் முழுக்க எந்தப் பக்கத்தாரின் துவக்கும் தன் படலையைத் தாண்டவில்லை என்று சொல்லியே தலை நிமிர்ந்து நடந்த மனிதர். எழுந்துபோய்ப் படலையைச் சாத்தினார்.

உடனே மாப்பிள்ளை மயூரதனை வட்சப்பில் எடுத்தார்.

"ஐயோ மாமா, அதை நான் வீடு முழுக்கத் தேடினன்! துடைச்சு மேசுக்குள்ளை போட்டு வைச்சனான். அம்மா எடுத்துச் செருகிப்போட்டா!"

பின்னாலிருந்து தாயின் குரல் கேட்டது. "கனக்குதெண்டு பாத்தனான் அண்ணை. போத்தல் ஆடாமல் நிக்குமெண்டு வைச்சிட்டன்."

"இது என்ன தம்பி?"

"என்ரை பிஸ்டலின்ரை பழைய குழல். நாங்கள் கழகத்திலை விளையாட்டுக்குச் சுடுறனாங்கள். பெரிய ரவை விலை கூட. அதாலை மேல்பாகத்தையும் குழலையும் மாத்திச் சின்ன ரவைக்கு ஆக்கிப்போட்டன்."

"அப்ப துவக்கு ஆரிட்டை?"

"என்னட்டை. பதிவு இலக்கம் துவக்கின்ரை உடம்பிலைதான் இருக்கு. உடம்பு இஞ்சை."

"குழலில்லாமல் துவக்கோ?"

"புதுக் குழல் போட்டிருக்கெல்லோ."

"அப்ப இது துவக்கில்லை."

"இல்லை மாமா... ஆனா சட்டப்படி அதுவும் ஆயுதம்தான். நீங்கள் பொலிசுக்கே கொண்டுபோங்கோ. என்ரை பேரைச் சொல்லுங்கோ. அனுமதிப் பத்திரத்தை இப்பவே அனுப்புறன்."

போனை வைத்த பிறகும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குழல் மாறினால் ரவை மாறுமாம், துவக்கு மாறாதாம். கழற்றி வைத்தது துவக்கில்லையாம், ஆயுதமாம். சம்பந்தம் பேசும்போது குடிப்பழக்கத்தை விசாரித்தார், சாதகத்தை விசாரித்தார், முன் தொடுப்பு உண்டோ என்று மூன்றாம் ஆள் வைத்துக்கூட விசாரித்தார். துவக்கு உண்டோ என்று கேட்க ஆருக்குத் தோன்றும்?

"கிணத்துக்குள்ளை போட்டிட்டுப் பேசாமல் இருங்கோ," என்றாள் ஞானாம்பிகை.

"இந்த மண்ணிலை ஆயுதம் தேடிக் கிணறு வளவெல்லாம் தோண்டிப் பாக்கிறதை ஆரப்பா நிப்பாட்டினது?"

கஜானி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். "அப்பா, கலியாணத்தை நிப்பாட்டப் போறியளோ?"

"தெரியேல்லைப் பிள்ளை."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வீட்டார் கேட்டதில்லை. சம்பந்தத்தை முறித்துவிட்டால் இது யாரோ அனுப்பிய பெட்டி, அவ்வளவுதான். வீட்டுப் பேருக்குக் கறையில்லை. முறிக்காவிட்டால், பஞ்சலிங்கத்தார் ஆயுதம் வைத்திருக்கிற பொடியனுக்குப் பெண் கொடுக்கிறார் என்று உரும்பிராய் ஊர் முழுக்கக் கதைக்கும். ஆனால் பெண்ணின் முகம்?

சலவை வேட்டி கட்டி, சால்வை போட்டு, விபூதி பூசி, குழலைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரிக்குத் தமிழ் வராது. ஒரு தமிழ்ப் பொலிஸ்காரர் நடுவில் இருந்து கேட்டார்.

"துவக்கு எங்கை ஐயா?"

"சுவிசிலை."

"அப்ப இது?"

"துவக்கில்லை."

"பிறகேன் கொண்டுவந்தனீங்கள்?"

"ஆயுதம் எண்டும் சொல்லலாமாம்."

பொறுப்பதிகாரி குழலை ஜன்னல் பக்கம் தூக்கி, அதற்குள்ளால் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"பெரிய ரவைக்கோ, சின்ன ரவைக்கோ எண்டு கேக்கிறார்."

"பெரிசுக்கு. சின்னனாக்கினதாலைதான் பெரிசு இஞ்சை வந்தது."

பொலிஸ்காரர் தலையைச் சொறிந்தார். "ஐயா, எனக்குத் தமிழிலையே விளங்கேல்லை. இதை நான் எப்பிடிச் சிங்களத்திலை சொல்லுறது?"

ஒருவாறு சொல்லி முடித்தார். பொறுப்பதிகாரி குழலை மேசைமேல் வைத்து, வாக்குமூலம் எழுதச் சொன்னார்.

"அனுப்பினவரின்ரை பேர்?"

"மயூரதன்."

"உங்களுக்கு என்ன முறை?"

பஞ்சலிங்கத்தார் மேசைமேல் கிடந்த குழலைப் பார்த்தார். தெரிந்தவர் என்றால் போதும், நாளைக்கே முறித்துக்கொள்ளலாம். பேனை காத்திருந்தது. துவக்கு எது, குழல் எது என்பது அவருக்கு இப்போதும் விளங்கவில்லை. தப்ப வழியிருந்தும் தன் பேரைச் சொல்லச் சொன்ன பிள்ளையை மட்டும் விளங்கியது.

"மருமகன்," என்றார்.

"கலியாணம் எப்ப நடந்தது?"

"இன்னும் நடக்கேல்லை."

பொலிஸ்காரர் பேனையை நிறுத்தி மறுபடியும் குழம்பிப்போய் நிமிர்ந்தார்.

"எழுதும் தம்பி," என்றார் பஞ்சலிங்கத்தார், சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு. "மருமகன் எண்டே எழுதும்."