கல் பதிப்பவரின் தாடை

கல் பதிப்பவரை யாராவது சந்தேகப்பட்டால் அவருடைய இடது தாடைக்குள் ஒரு குட்டிப் பல் முளைக்கும். நகைப் பட்டறையில் நீலக்கல் ஒன்று காணாமல் போன வாரத்தில்தான் இது ஆரம்பித்தது. அங்கே வேலை முடித்துக் கிளம்பும் எல்லோரும் வரிசையில் நின்று, வாய் கொப்பளித்து, சல்லடை போட்ட வாளியில் துப்பி, நாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் செருப்பு மாட்டலாம். முதலாளிக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது. அவர் கல் பதிப்பவரின் கன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி கொப்பளிக்கச் சொன்னார். அன்றுதான் முதல் பல் முளைத்தது. பக்கத்து மேசைக்காரர், "அண்ணன் வாயிலயே லாக்கர் வச்சிருக்கார்" என்று சிரித்தபோது இன்னொன்று. பிறகு காவலாளி, கணக்கர் என்று ஆளுக்கு ஒன்று. கன்னம் நன்றாகவே புடைத்துவிட்டது. அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் சாப்பிடும்போது மனைவி, "ஏங்க, என்கிட்டயாவது உண்மையச் சொல்லிடுங்க" என்றாள். அந்தப் பல் முளைத்த வலியில்தான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

பல் டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஒரு கொத்து தெரிந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த முதலாளி, "அத்தனையும் என் கல்லு" என்றார். நீலக்கல் வராவிட்டால் வேலையும் போகும், போலீசும் வரும் என்றார். பல் டாக்டரோ, பல்லாக வேண்டிய திசு வழிதவறி வளர்ந்த கட்டி இது, அபூர்வம்தான், ஆனால் கெடுதல் இல்லை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நிதானமாக விளக்கினார். முதலாளி டாக்டரையும் நம்பவில்லை. ஆபரேஷன் முடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்து, கிண்ணத்தை வாங்கி, கண்ணில் லென்ஸை மாட்டி, கல் எடுக்கும் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் பல். அரிசி நொய் அளவில், ஒழுங்கான பல். லென்ஸில் அழுக்கோ என்று, துடைக்கத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்த துணியை எடுத்து உதறினார். அதிலிருந்து நீலக்கல் கிண்ணத்துக்குள் விழுந்தது.

"இது எப்படி இதுக்குள்ள வந்துச்சுன்னே தெரியலப்பா" என்றார் முதலாளி.

கல் பதிப்பவரின் வாயில் பஞ்சு இருந்தது. கூட வந்திருந்த மனைவி கிண்ணத்தருகே குனிந்து, "இதுல என்னோடது எது?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் இருப்பதிலேயே பெரியதைத் தொட்டுக் காட்டினார். அவள் அதை பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

தையல் பிரித்ததும் அவர் பழைய மேசைக்கே திரும்பினார். அதற்குள் முதலாளியின் வலது கன்னம் புடைத்திருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வேலை முடிந்ததும் வரிசையின் கடைசியில் முதலாளியும் வந்து நின்றார். அவருக்கு முன்னால் நின்ற கல் பதிப்பவர் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தண்ணீர்ச் சொம்பை அவரிடம் நீட்டினார்.