பனிவண்டிப் பட்டிமன்றம்

பின்னுக்குப் போவதைப் பற்றி இவர்கள் இரண்டு பேரும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பது நிமிடமாகிறது. வேகம் பேசியாகிவிட்டது, எஞ்சின் பேசியாகிவிட்டது, இருக்கையின் மெத்தையைக்கூட விடவில்லை. வண்டியின் மூக்கு பனியில் புதைந்து நின்றால் என்ன செய்வாய் என்று ஒருவர் மற்றவரைக் கேட்கலாமே. கேட்கமாட்டார்கள். இவர்கள் புதைந்தபோதெல்லாம் தூக்கிவிட நாலு பேர் பக்கத்தில் இருந்திருப்பார்கள்.

குமுதினி இப்படி நினைத்தபடி, நடுவர் மேசையில் இருந்த சின்ன மணியை விரலால் தள்ளிப் பார்த்தாள். அது மெல்லக் கிணுங்கியது. மேடையில் பேசிக்கொண்டிருந்த நடேசன், நேரம் முடிந்துவிட்டதென்று நினைத்து இன்னும் வேகமாகப் பேசத் தொடங்கினார்.

ஜெர்மனியின் வுப்பர்டால் தமிழ் மன்றத்தின் பொங்கல் விழா, நகரின் பார்மன் பகுதியில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. வெளியே மழை. தை பிறந்து மூன்று நாளாகியும் அந்த வருடம் ஊருக்குள் பனி தலைகாட்டவில்லை. உள்ளே நூற்றைம்பது பேர், பனியில் ஓடும் வண்டிகளைப் பற்றிக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கெல்லாம் காரணம் போன ஆவணியில் நடந்த ஒரு கலியாணவீடு. குமுதினியின் கணவர் செல்வராசாவின் தம்பி நடேசன், நோர்வேயின் வடக்கு முனையில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். செல்வராசாவின் பள்ளித் தோழர் அந்தோனிப்பிள்ளை, கனடாவில் ஒரு சுரங்க நகரத்தில் முப்பத்தைந்து வருடமாக இருப்பவர். இரண்டு பேரும் ஒரே மேசையில் அகப்பட்டுக்கொண்டார்கள். தொண்ணூறுகளில் வந்த பனிவண்டிகளில் எது சிறந்தது என்று தொடங்கிய கதை, சாப்பாடு முடிந்து, மேசை விரிப்புகளை எடுத்த பிறகும் முடியவில்லை. மன்றத்தின் தலைவரான செல்வராசாவுக்கு அப்போதுதான் யோசனை வந்தது. குடும்பத்தைத் தாங்குவது கணவனா மனைவியா என்று பதினொரு வருடமாக நடத்தி அலுத்துப்போன பட்டிமன்றத்துக்கு இது புதுத் தலைப்பு. இரண்டு பேருக்கும் விமானச் சீட்டு எடுக்கச் சொல்லிவிட்டார். கம்பனிப் பெயர்களைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்று மன்றம் தடை போட்டதால், வண்டிகள் நிறத்தால் அறியப்பட்டன. நடேசனுடையது நீலம். அந்தோனிப்பிள்ளையுடையது மஞ்சள்.

நடேசன் தொண்ணூற்றுமூன்றில் வாங்கிய நீல வண்டியின் பெருமையை அடுக்கினார். காற்றாலேயே குளிரும் எஞ்சின், கெடுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஊரிலிருந்து வந்த மனைவியை, கூறைச்சேலைக்கு மேல் மீன்பிடிக்காரர்களின் உடுப்பைப் போடவைத்து, விமான நிலையத்திலிருந்து அதில்தான் ஏற்றிக்கொண்டு வந்தாராம். முன்வரிசையில் இருந்த மனைவி, உடுப்பில் கொட் மீன் மணத்தது என்று திருத்தினார். அந்தோனிப்பிள்ளை தொண்ணூற்றேழாம் ஆண்டு மஞ்சளுக்கு வந்தார். தண்ணீரால் குளிரும் எஞ்சின், உறைந்த ஏரிக்கு மேல் நத்தார் பூசைக்குக் குடும்பமாகப் போன பயணம், நாற்பது கிலோமீட்டரை அரை மணித்தியாலத்தில் கடந்தது.

"மஞ்சள் வண்டிக்குத் தண்ணி வேணும், எண்ணெய் வேணும், வீட்டிலை ஒரு மெக்கானிக் மருமகனும் வேணும்" என்றார் நடேசன்.

அந்தோனிப்பிள்ளை ஆறுதலாக எழுந்தார். "நடேசன்ரை நீலம் ஓடுறதை நான் வீடியோவிலை பாத்தனான். பக்கத்திலை ஒரு மனிசன் நடந்து போறான். கொஞ்ச நேரத்திலை அவன் முன்னுக்குப் போயிட்டான்."

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் ரோல்ஸ் தட்டோடு நின்ற பெண்கள் தட்டை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். குமுதினியும் சிரித்தாள். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒன்று அவளைச் சீண்டிக்கொண்டே இருந்தது. அது என்னவென்று பார்க்க அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது. பொறாமை. ஐம்பத்தெட்டு வயதில், இரண்டு நரைத்த ஆண்களைப் பார்த்து அவள் பொறாமைப்படுகிறாள்.

டோர்ட்முண்டிலிருந்து வரவேண்டிய நடுவர் காய்ச்சலென்று காலையில் சொல்லிவிட்டார். செல்வராசா குசினிக்குள் வந்து, சனிக்கிழமைப் பள்ளியில் பதினெட்டு வருடம் தமிழ் படிப்பித்தவளுக்கு இது ஒரு வேலையா என்று கேட்டார். "உமக்கு இதிலை ஒண்டும் தெரியாது. அதுதான் நல்ல நடுவர்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். தீர்ப்பைப் பற்றிச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. இரு பக்கமும் வென்றது என்பதுதான் மன்றத்தில் எப்போதும் தீர்ப்பு. பேசியவர்கள் பேச்சு முடிந்ததும் ஒரே வீட்டில் படுத்தெழும்ப வேண்டியவர்கள். இந்த முறை அது குமுதினியின் வீடு. நடேசனுக்கு அறை, அந்தோனிப்பிள்ளைக்கு சோபா.

அவளுக்குத் தெரியும் என்பது ஒருவருக்கும் தெரியாது.

தொண்ணூற்றிரண்டில் அவளை சவர்லாண்ட் மலைப்பக்கத்து அகதி வீடொன்றில் விட்டிருந்தார்கள். வேலை செய்ய அனுமதி கிடைத்ததும், பனிச்சறுக்குச் சரிவுக்கு மேலே இருந்த ஒரு சாப்பாட்டுக் குடிலில் உருளைக்கிழங்கு உரிக்கச் சேர்ந்தாள். இரண்டாவது கிழமை, கீழேயிருந்து சாமான் ஏற்றிவரும் பையன் விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டான். குடிலின் சொந்தக்காரி ஹெர்டா சுற்றுமுற்றும் பார்த்தாள். சமையல்காரருக்கு நூற்றிருபது கிலோ. மிச்சம் இருந்தது குமுதினி. சாவியை அவள் கையில் வைத்து, இதுதான் முடுக்குவது, இதுதான் நிறுத்துவது என்று இரண்டு விரலால் காட்டிவிட்டு ஹெர்டா உள்ளே போய்விட்டாள். அதுவரை குமுதினி ஓட்டியிருந்தது சைக்கிள் மட்டும்.

மூன்று குளிர்காலம். சிவப்பு வண்டி, பின்னால் இழுவைச் சறுக்கு. போகும்போது குப்பையும் வெறும் போத்தல்களும், வரும்போது பாணும் பியர்ப் பெட்டிகளும். காலை ஏழு மணிக்கு, இயந்திரங்களோ மனிதர்களோ தொடாத சரிவில் முதல் கோடு அவளுடையது. ஒருநாள் உச்சியில் வண்டியை நிறுத்தி, தன் பெயரைத் தானே உரத்துக் கத்தினாள். ஏன் கத்தினாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கத்தி முடித்ததும் பசித்தது, அது நினைவிருக்கிறது. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில், குசினி வேலை, சூடாக இருக்கிறது என்று மட்டும் எழுதினாள். அம்மா கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

செல்வராசாவிடம் சொன்னாள். கலியாணம் முடிந்து வுப்பர்டாலுக்கு வந்த ரயிலில், மலை கண்ணாடிக்கு வெளியே பின்னால் போய்க்கொண்டிருந்தபோது, நான் இதில் பனிவண்டி ஓட்டினேன் என்றாள். அவர் சிரித்தார். "ஆரும் ஓட்டப் பின்னாலை இருந்து போயிருப்பீர்" என்றார். அழகான சிரிப்பு. அறிமுகமாகி ஒரு மாதம்கூட ஆகாத மனிதரின் அந்தச் சிரிப்பைக் குலைக்க மனம் வராமல், "ஓம்" என்றாள். ஒரு சொல்தான். பிறகு வந்த ஒவ்வொரு விருந்தாளிக்கும் அவர், மூன்று வருடம் மலையில் கிழங்கு உரித்தவள், பனியைக் கண்டால் பயம் என்று அவளைப் பகிடி பண்ணியபோது, அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அதில் அவளுக்குத் துக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது. சொல்லாமல் இருந்ததால்தான் அது அவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருந்தாள். இன்று இந்த இரண்டு பேரும் தங்கள் வண்டிகளை நூற்றைம்பது பேருக்கு நடுவே ஓட்டிக்காட்டுவதைப் பார்க்கும்போது அந்த நம்பிக்கை ஆடியது. சொல்லச் சொல்ல அவர்களுக்கு அது குறையவில்லை. திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தது.

நேரம் முடிந்தது. அவள் மணியை அடித்தாள். தீர்ப்புக்காக எழுந்து மைக்கைப் பிடித்தாள். செல்வராசா மேடையின் ஓரத்தில், சாப்பாட்டுக்கு வரிசையாக வரச் சொல்லி அறிவிக்கத் தயாராக நின்றார். இரு பக்கமும் என்று தொடங்க வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ரெண்டு வண்டியிலையும் பின் கியர் இருந்ததோ?"

நடேசன் அந்தோனிப்பிள்ளையைப் பார்த்தார். "இல்லை, அண்ணி" என்றார். மஞ்சளிலும் இல்லை.

"என்ரை வண்டியிலையும் இருக்கேல்லை" என்றாள் குமுதினி. "எனக்கு அது பெரிய கரைச்சல்."

சொல்லத் தொடங்கினாள். முதலில் குரல் சனிக்கிழமைப் பள்ளிக் குரலாக இருந்தது. ஹெர்டா சாவியைக் கொடுத்த இடத்தில் அது மாறிவிட்டது. இருநூற்றைம்பது கிலோ வண்டி மூக்குக் குத்தி நின்ற காலையில், உதவிக்கு ஒருவரும் இல்லாமல், சூப் தட்டு ஒன்றால் இரண்டு மணித்தியாலம் பனியைத் தோண்டியதைச் சொன்னாள். கூட்டம் முதலில் இது நடுவரின் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தது. பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மகள் மிதுசாவின் கை தாழ்ந்து, கைத்தொலைபேசி தரையைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தோனிப்பிள்ளை கண்ணைச் சுருக்கினார். ஏமாறக்கூடியவர் அல்ல. "தங்கச்சி, உதிரி பெல்ட் எங்கை வைப்பீங்கள்?"

"சுவெட்டருக்குள்ளை, வயித்தோடை. குளிரிலை விறைச்ச ரப்பரைப் போட்டவுடனை முடுக்கினால் வெடிச்சுப்போம்."

"வேலை முடிஞ்சு எப்பிடி விட்டுட்டுப் போவீங்கள்?" இது நடேசன்.

"ரெண்டு பலகை போட்டு, அதுக்கு மேலை ஏத்தி. இல்லாட்டி விடிய, அடியிலை சுத்துற பட்டி பனியோடை ஒட்டிப்போம்."

அந்தோனிப்பிள்ளை தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். நடேசன் மேடையென்பதையும் மறந்து, கனடாக்காரரின் முதுகில் ஓங்கி அடித்தார். "அண்ணி உண்மையாத்தான் ஓடியிருக்கிறா."

குமுதினி தீர்ப்பைச் சொன்னாள். நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. மூன்றாவது குளிர்காலத்தில் சிவப்பு பழுதானபோது ஹெர்டா வாடகைக்கு எடுத்த, நிறம் மங்கிய, இரைச்சல் கூடிய, வேகமில்லாத வண்டியொன்று இருந்தது. அதில் பின் கியர் இருந்தது. முதல்தரம் அதை இழுத்து, புதைந்த வண்டி தானாகப் பின்வாங்கி வெளியே வந்தபோது, அவள் வண்டியிலிருந்து இறங்கி அதற்கு முத்தம் கொடுத்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. தொண்ணூறுகளின் தலைசிறந்த பனிவண்டி அதுதான்.

மன்றத்தின் சரித்திரத்தில் முதல்தடவையாக இரு பக்கமும் தோற்றது. தோற்றவர்கள் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு, இந்தத் தீர்ப்புக்கு எதிராகச் சேர்ந்து விடர்ஷ்ப்ருக் போடப்போவதாக அறிவித்தார்கள். மண்டபத்தில் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு ஒருதரமாவது அந்த மேன்முறையீட்டைப் போடாத பெரியவர் யாருமில்லை. கதிரைகள் சரியும்படி சிரித்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். நடேசனின் மனைவி மேடைக்கே ஏறிவந்து, உதட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இளஞ்சூட்டுத் தேநீர் ஊற்றினேன் என்றாள் குமுதினி. சரிவின் உச்சியில் நின்றபோது இருந்த அதே பசி வயிற்றில் எழுந்தது.

செல்வராசா பக்கத்தில் வந்து நின்றார். அவர் சிரிக்க முயன்றுகொண்டிருந்தார்; சிரிப்பு பாதியில் நின்று நின்று வந்தது. கோபம் இல்லை. முப்பது வருடத்தில் எந்த இடத்தில் இதைத் தவறவிட்டோம் என்று தேடும் முகம். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"இஞ்சேரும், பகிடிக்குச் சொன்னதெண்டு ஒருக்கா சொல்லிவிடும். சனம் இனி என்னையெல்லே கேக்கும், உமக்குத் தெரியாதோ எண்டு."

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சொல்லவேண்டும், கத்தியதையும் சொல்லவேண்டும், விருப்பமென்றால் அவரும் கேட்டுச் சிரிக்கட்டும். அவருடைய சட்டைக் கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு பொங்கல் பருக்கையை எடுத்துவிட்டாள்.

"அப்பிடிச் சொல்லமாட்டன்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.