ஆறாம் படுக்கைக்குப் பதினெட்டு

அந்த வார்டில் எல்லாருக்கும் மூச்சு பதினெட்டுதான். இடுப்பொடிந்தவருக்கும் பதினெட்டு, பக்கவாதக்காரருக்கும் பதினெட்டு, பக்கத்துப் படுக்கைக்காரரோடு நாள் முழுக்கச் சண்டை போடுகிறவருக்கும் பதினெட்டு. காய்ச்சலைப் பார்க்கக் கருவி இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கும் இருக்கிறது. மூச்சுக்கு மட்டும் ஒரு ஆள் முழுதாக ஒரு நிமிடம் நின்று நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். ஒரு நர்ஸுக்கு நாற்பது நோயாளிகள் என்றிருக்கும் இடத்தில் எந்த மகராசிக்கு ஒரு நிமிடம் சும்மா நிற்க வாய்க்கும்? பார்த்த மாதிரி ஒரு பார்வை, பதினெட்டு என்று ஒரு எழுத்து, அடுத்த படுக்கை.

அன்று மிளகாய் நின்று எண்ணினாள். வாய்க் காரத்துக்காக வார்டில் அவளுக்கு வைத்த பெயர் அது; அவள் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அம்மா இருபது வருடமாக ஆடை ஆலையில் சட்டைக்குக் கை மட்டும் தைக்கிறாள். முழுச் சட்டை ஒன்றைக்கூட இதுவரை தைத்ததில்லை. மகள் நர்ஸாகி, வேலை பார்த்துக்கொண்டே நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். பெற்றோரின் உயர்கல்வி என்று கேட்ட கட்டத்தில் ஒரு கோட்டை இழுத்துவிட்டு அனுப்பினாள். இடம் கிடைத்தது. படித்து முடித்தால் நோயாளியைத் தானே சோதிக்கலாம், மருந்து எழுதலாம், உயிர் போய்விட்டதென்று உறுதி செய்து கையெழுத்துப் போடலாம். அறுநூறு மணி நேரப் பயிற்சியில் இன்னும் நாற்பதுதான் பாக்கி. ஒவ்வொரு மணிக்கும் மேற்பார்வை டாக்டரின் கையெழுத்து வேண்டும்.

ஆறாம் படுக்கையில் லாரி ஓட்டுநர். இரண்டு வருடமாக அங்கேயே கிடக்கிறார். மத்தியானம் மூன்று மணி. கடிகாரத்தில் நொடிமுள் ஒரு முழுச் சுற்று வந்தது. போர்வை அசையவே இல்லை.

"எத்தனை, தங்கச்சி?" என்றார் ஓட்டுநர்.

பேசுவதற்கென்று ஒரு வாய்க் காற்றை இழுத்தார். பேசி முடித்ததும் நிறுத்திக்கொண்டார், குழாயை மூடியதுபோல.

"விளையாடாதீங்கண்ணே. மூச்ச அடக்காம படுங்க."

"நான் எங்க அடக்குறேன்? விட்டுப் பாத்தேன். தானா வரல."

ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் கதவில் காது வைத்தது போலிருந்தது. விரலில் மாட்டியிருந்த கிளிப் மட்டும் நாடித்துடிப்பு எழுபத்திரண்டு என்று காட்டியது. அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அப்போதும் எழுபத்திரண்டு.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான். சார்ட்டில் சைபர் என்று அழுத்தி எழுதினாள்.

மேற்பார்வை டாக்டரம்மா அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "பேசுற ஆளுக்கு மூச்சு சைபரா? என்னம்மா எழுதியிருக்கே?"

"நீங்களே வந்து எண்ணுங்க டாக்டர்."

"எனக்கு எண்ணத் தெரியாதுங்கிறியா?" சைபரை அடித்து, மேலே பதினெட்டு என்று எழுதினார். ஆறாம் படுக்கைப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. "இதே மாதிரி இன்னொரு தடவை எழுது. மிச்ச நாற்பது மணிக்கு யாருகிட்ட கையெழுத்து வாங்குறேன்னு பாக்கலாம்."

அவள் பொரிந்துகொண்டே திரும்பி வந்தாள். ஓட்டுநர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அந்தம்மாவ ஏன் திட்டுறே? மொதப் பதினெட்ட யாரு போட்டாங்கன்னு புரட்டிப் பாரு."

கோப்பு செங்கல் கனம் இருந்தது. அடித்தாள்வரை புரட்டினாள். அவர் சேர்ந்த நாள், மாலை நாலு ஐம்பது. மூச்சு: பதினெட்டு. அவளுடைய கையெழுத்து.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அது. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். புதிதாக வந்த நோயாளியின் கட்டிலருகே நின்றபடி ஒரு கையில் பேனாவும் ஒரு கையில் போனுமாகக் கடைசிப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"போனப் பாத்துச் சிரிச்சே," என்றார் அவர். "அந்த நேரத்துலதான் நான் போய்க்கிட்டிருந்தேன். நீ பதினெட்டுன்னு எழுதினே. சரி, இன்னும் இருக்கோம் போலன்னு நெனச்சு அப்படியே நின்னுட்டேன். அப்புறம் வந்தவங்க எல்லாம் உன்னுதப் பாத்து அதையே எழுதினாங்க."

அவள் கோப்பை மூடினாள்.

"இப்ப நீ எழுதுனா நிக்காது, அவங்க அடிச்சிடுவாங்க. பாஸ் பண்ணிட்டு வா. நான் எங்க போயிடப் போறேன்?" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சத்தம் பாதியிலேயே தீர்ந்துபோனது.

மிச்சமிருந்தது நாலு மணி நேரப் பயிற்சியாகப் பத்து ஷிஃப்ட். பத்து முறை அவள் ஆறாம் படுக்கையின் முன் முழு நிமிடம் நின்றாள், எண்ணினாள், பதினெட்டு என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி வந்து தலை வாரிவிட்டாள். போகும்போது மிளகாயை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"குனிஞ்சா இவரு மூச்சு என் கையில படவே மாட்டேங்குது, சிஸ்டர். உடம்பும் சில்லுன்னு கெடக்கு. எதனால?"

"ஏசியாலதான்க்கா," என்றாள் மிளகாய். போய் அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

தேறினாள். பதிவு எண் வந்த அன்று அம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இனி டாக்டரம்மான்னு கூப்பிடணுமா உன்ன?"

"இல்லம்மா. நர்ஸுதான். கொஞ்சம் பெரிய நர்ஸு."

"கொஞ்சம் பெருசாகுறதுக்கா ரெண்டு வருசமா எங்களப் போட்டு இந்தக் கடி கடிச்சே?"

அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தாள். மிளகாய் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். பதினாறு. மறுபடி எண்ணினாள். பதினாறு. அப்புறம்தான் எழுந்து முகம் கழுவினாள்.

பெரிய நர்ஸாக அதே வார்டில் வேலையில் சேர்ந்த முதல் நாள், ஆறாம் படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்தாள். இறப்பு உறுதிப் படிவத்தை எடுத்தாள். முழு நிமிடம் எண்ணினாள். சைபர். அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஓட்டுநர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணும் நடக்கல, தங்கச்சி. தேதி தப்பு."

அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. சரியான தேதியை எழுதினால் அந்த முதல் பதினெட்டு பொய் என்று அவளே எழுதிக்கொடுத்ததாகும். அப்புறம் அவள் போட்ட பத்தும் வெளியே வரும். விசாரணை வரும். பதிவு எண் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"வேல போயிடுமா?" என்று கேட்டார்.

"போகலாம்."

"அப்போ விட்டுடு. எனக்குப் பழகிப்போச்சு."

அந்தச் சொல்தான் அவளுக்கு ஆகாது. கழுத்து வலிக்குதே, ஒரு நாள் லீவு போடேன் என்றால் அம்மா சொல்வது அது. மூச்சை ஏன் யாரும் எண்ணுவதில்லை என்று கேட்டால் வார்டே சொல்வதும் அதுதான். "பழகக் கூடாதுண்ணே," என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேதியின் மேல் ஒற்றைக் கோடு இழுத்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தத் தேதியை எழுதினாள். மாலை நாலு ஐம்பது. குறிப்பு என்ற இடத்தில், 'மூச்சு எண்ணப்படவில்லை. எண்ணாமல் பதினெட்டு என்று எழுதியது நான்' என்று எழுதி, முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் போட்டாள்.

ஓட்டுநர் ஏதோ சொல்ல வாயெடுத்துக் காற்றை இழுத்தார். சொல்லவில்லை. இழுத்த காற்று மெல்ல வெளியே வந்து அவள் மணிக்கட்டில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குப் பிறகு கட்டிலில் இருந்தது வெறும் உடம்புதான்.

நடைபாதையில் மேற்பார்வை டாக்டரின் செருப்புச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வருவதற்குள் மிளகாய் போனை எடுத்து அந்த மனைவியின் எண்ணைப் போட்டாள்.

"அக்கா, அவரு போயிட்டாரு."

"எப்போ?"

"ரெண்டு வருசமாச்சுக்கா."

திரைக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"நானும் அன்னிக்கேதான்னு நெனச்சேன், சிஸ்டர்," என்றாள் அவள்.