மணி அடித்தபோது கலந்த ரெசின்

டொமினிக் படகு அடைக்கிற ரெசினுக்குள் இறுக்குகிற மருந்தை ஊற்றிக் கலக்கத் தொடங்கியதுதான் தாமதம், கோயிலில் மத்தியான மணி அடித்தது. போச்சு என்று எனக்கு அப்போதே பட்டது.

என் மனுசன் பிறஷை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். மணி கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழும்பி நின்று செபம் சொல்வது எங்கள் அரிப்பு ஊரில் எல்லோருக்கும் வழக்கம்தான். ஆனால் எல்லோரும் மருந்து விட்ட ரெசினை வைத்துக்கொண்டு நிற்பதில்லையே! தேன் மாதிரி இருக்கிற சாமான், மருந்து சேர்ந்தால் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கல்லாகிவிடும். இந்த வெயிலில் அதற்கும் முந்தி. நீர்கொழும்பில் பைபர் படகு கட்டுகிற இடத்தில் வேலை செய்தவருக்கு இதை நானா சொல்ல வேண்டும்?

மீள்குடியேறியவர்களுக்கென்று தந்த படகு எங்களுக்கு அடியில் வெடிப்போடுதான் வந்து சேர்ந்தது. சோளகக் காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்க முதல் அதை அடைத்துக் கடலில் இறக்காவிட்டால் இவர் கொழும்புக்குக் கூலிவேலைக்குப் போய்விடுவார், நான் இந்தத் தகரக் கொட்டிலில் தனியே கிடக்க வேண்டும். கொஞ்ச நாளாக எங்களுக்குள் இதுதான் சண்டை.

செபம் முடிந்தது. அப்பாடா என்று பார்த்தால், செத்தவர்களின் பேர்களைத் தொடங்கினார். மாமா, மாமி, போரில் செல்லடிபட்டுச் செத்த யாகப்பர் அண்ணன், அவருடைய பிள்ளைகள். ஊருக்குத் திரும்பிய பிறகு இந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது. வாளியிலிருந்து புகை கிளம்பிவிட்டது. "இஞ்சேருங்கோ, வாளி!" என்று கத்த வாயைத் திறந்தேன்.

"ஜஸ்ரின்," என்றார்.

போரின் கடைசிச் சண்டையில் காணாமல்போன எங்கள் மகன். அந்தப் பேரை இவர் செத்தவர்களோடு ஒருநாளும் சேர்த்ததில்லை. எனக்குத் திறந்த வாய் மூடவில்லை. அவர் செத்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி செபத்தையும் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டபோது பிறஷ் வாளிக்குள் நட்டுவைத்த மாதிரி நின்றது.

"கண் தெரியேல்லையோ உங்களுக்கு? பாதி ரின் ரெசின் வீணாப் போச்சு!"

"கத்தாத எடித்."

"அடுப்பில வைச்சு உருக்கினா என்ன?"

"இதென்ன மெழுகே? ஒருக்கா இறுகினா இறுகினதுதான். கரியுமே தவிர உருகாது."

பின்னேரம் வரைக்கும் ரெசினைச் சொல்லிச் சொல்லியே அவரைத் திட்டினேன். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

வெயில் தணிந்ததும் மிச்சப் பாதியை எடுத்து, வேறு ஏனமே இல்லாததுபோல, என் சோற்றுச் சட்டிக்குள் ஊற்றினார். கண்ணாடி நார்ப் பாயை வெட்டி வெடிப்பின் மேல் அளவு பார்த்துவிட்டு, "மருந்துப் போத்தலைத் தா" என்றார்.

"தரமாட்டன். ஆறு மணி அடிக்கட்டும். உங்கட பேரெல்லாம் சொல்லி முடியுங்கோ."

மணி அடித்தது. செபம் சொன்னோம். மாமா, மாமி, யாகப்பர் அண்ணன், பிள்ளைகள். அந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அவன் அதுக்குள்ள இல்லை," என்றேன்.

"எடித், எத்தினை வருசமாச்சு..."

"இல்லையெண்டு சொல்லுறன்."

அந்தப் பேரை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு கையை நீட்டினார். நான் போத்தலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சட்டிக்குள் ரெசின் இன்னும் இறுகாமல், தேன் நிறத்தில் கிடந்தது.