பின்னாடி ஆளு உண்டா

ஓட்டுநர் இருக்கையில் ஜிபின். அவனுக்கு இடப்பக்கம், மடியில் கைப்பையோடு அவன் அம்மா ஜெயபாய். நடு வரிசையில் வலது ஜன்னலோரம், குழந்தை இருக்கையில் வார் மாட்டப்பட்டு, இரண்டரை வயதுப் பேத்தி. பக்கத்தில் மருமகள் ஷாலு. மூன்றாம் வரிசையில் ஒரு பலாப்பழத்துக்கும் சாக்கில் சுற்றிய வெண்கல உருளிக்கும் துணையாக ராஜமணி.

சனிக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு, கரமனை வீட்டு வாசலில் வைத்து, கிலோமீட்டர் எண்ணையும் சேர்த்து இவ்வளவையும் கார் டைரியில் எழுதிய பிறகுதான் ராஜமணி கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தச் சொல்வது அவருக்குப் புதிது. ஐந்து வருடமாக அவரே சாத்தி, அவரே ஓட்டியவர். மூன்றாம் வரிசைக்கென்று ஒரு கதவு கிடையாது என்பதைக்கூட அன்றைக்குத்தான் யோசித்தார். நடு இருக்கையைச் சாய்த்து, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு மற்றக் காலை எங்கே வைப்பது என்று நின்று, கடைசியில் ஷாலு கைபிடித்துத்தான் ஏற முடிந்தது.

கண்புரை அறுவை முடிந்து பத்து நாள். இன்னும் ஒரு மாதம் வண்டி தொடக்கூடாது. மார்த்தாண்டத்தில் ஜெயபாயின் தங்கை கட்டிய புது வீட்டின் பிரதிஷ்டை ஜெபத்துக்கு ஜிபின் ஓட்டுவதாக முடிவானதும், அப்பா எங்கே உட்காருவது என்ற கேள்வி வந்தது. அதை ஜிபின்தான் தீர்த்தான்.

"அப்பா முன்னாடி இருந்தா செரியாவாது. நான் பிரேக்க சவுட்டுகதுக்கு முன்ன அப்பாக்க காலு சவுட்டும். அம்மா முன்னாடி வரட்டு."

ஷாலு பின்னால் போகிறேன் என்றாள். அவள் நகர்ந்தால் குழந்தை அழும். ஆக, ராஜமணி.

இருக்கைகளை எழுதி வைக்கும் வழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. கார் வாங்கிய இரண்டாம் வருடம், நாகர்கோவிலிலிருந்து திரும்பும்போது நெய்யாற்றின்கரையில் சாயா குடிக்க நிறுத்தினார்கள். ஜெயபாய் கைகழுவப் போயிருந்தாள். வழக்கம்போல் மூன்றாம் வரிசையில் ஏறித் தூங்குகிறாள் என்று நினைத்து ராஜமணி வண்டியை எடுத்துவிட்டார். பாலராமபுரம் வந்து, தண்ணீர்க் குப்பி கேட்டுப் பதில் வராமல் போனபோதுதான் தெரிந்தது. அவளுடைய போன் பின்னிருக்கையில் கிடந்தது. திரும்பிப் போனால், கடை ஸ்டூலில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு சாயாவும் குடிச்சாச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள். அதற்குப் பிறகு ராஜமணி ஒவ்வொரு நிறுத்தத்திலும் டைரியைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். முப்பது வருடம் செக்ஷன் சூப்பிரண்டாக இருந்தவருக்கு அது கஷ்டமில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். ஜெயபாயும் கூடச் சிரிப்பாள்.

சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. எழுதி முடித்தது, ஒட்டாதது. எழுதியதை இரண்டு நாள் வைத்திருந்து மறுபடி வாசித்த பிறகே தபாலில் சேர்ப்பார். வள்ளியூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த வேல்சாமிக்கும் அவருக்கும் நாற்பது வருடமாகக் கடிதப் போக்குவரத்து. சங்கரன்கோவிலில் மனைவி மாடம்மாளோடு ஜவுளிக்கடை வைத்திருக்கும் வேல்சாமி போன வாரம் எழுதியிருந்தார்: 'உன்னிடம் இருக்கிற அதே வண்டியைத்தான் பார்த்து வைத்திருக்கிறோம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அட்வான்ஸ். விளம்பரத்தில் ஏழு பேரும் சிரிக்கிறார்கள், நீ சிரிக்காமல் சொல். நீ சரி என்றால் வாங்குவேன், இல்லையென்றால் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் இடம் பார்த்தாயிற்று. மாடம்மாளுக்கு முதுகு வலிதான், ஆனாலும் அவள் எங்கே போட்டாலும் உட்கார்ந்துகொள்வாள், அவளைப் பற்றிக் கவலையில்லை.'

ராஜமணி ஒவ்வொன்றாக வரிசை பிரித்துப் பதில் எழுதியிருந்தார். மைலேஜ், மழைவெள்ளத்தில் அடிப்பாகம் தட்டாத உயரம், அகலத்தால் தெருவில் திருப்பப் படும் பாடு, சர்வீஸ். ஏ.சி. மூன்று வரிசைக்கும் நன்றாக எட்டும். மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் இருவர் தாராளமாக இருக்கலாம். ஐந்து வருடத்தில் யாரும் குறை சொன்னதில்லை.

வண்டி நேமம் தாண்டுவதற்குள் அவருடைய முட்டி இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. இருக்கை தரையோடு இருந்தது, கால் நீட்ட இடமில்லை. ஒவ்வொரு வளைவிலும் பலாப்பழம் தொடையில் வந்து இடித்தது. பக்கத்துக் கண்ணாடி திறக்காதது, சின்னது. ஓட்டும்போது எதிரே வருவதை மட்டுமே பார்த்துப் பழகியவர். இந்தக் கண்ணாடியில் வருவது எதுவும் தெரியவில்லை. கடை, பள்ளிவாசல், பேருந்து நிறுத்தம் எல்லாம் கடந்து போன பிறகே தெரிந்தது. முன்னால் ஜெயபாயும் ஜிபினும் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். ஷாலுவும் சிரித்தாள்.

"என்னலே மக்கா?" என்று ராஜமணி கேட்டார்.

காற்றின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. சத்தமாக மறுபடி கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா," என்றான் ஜிபின், கண்ணாடியில் பார்க்காமலே.

அந்தச் சொல்லை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குரல், "என்ன சொன்னிய?" என்று கேட்கும். ஒன்றுமில்லை என்பார். உண்மையிலேயே ஒன்றுமில்லைதான், ஏதாவது பாலம் வேலையைப் பற்றிய பேச்சு. அதை இன்னொரு தடவை சொல்ல யாருக்கு முடியும்?

கையை வைக்க இடம் தேடியபோது பக்கவாட்டுக் குழியில் விரல் பட்டது. இஞ்சி மிட்டாய்ப் பொட்டலம். நாலாக மடித்த துண்டு. முதுகுக்கு வைப்பதற்கு என்று மடித்த விதத்திலேயே தெரிந்தது. ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் பைகள், வாந்தி வந்தால் பிடிக்க. கூரையில் ஏ.சி. காற்று வரும் துளையில் ஒரு காகிதம் திணித்திருந்தது. உருவிப் பார்த்தார். சபை அறிக்கைத் தாள், மூன்று வருடத்துக்கு முந்தைய ஈஸ்டர். அடுத்த நொடி வழுக்கைத் தலையில் குளிர்காற்று கொட்டியது. திருப்பிவிடும் தகடு ஒடிந்திருந்தது. அதைப் பற்றி டைரியில் ஒரு வரிகூட இல்லை. மடிப்பு மாறாமல் காகிதத்தை இருந்த இடத்திலேயே திணித்தார்.

நெய்யாற்றின்கரையில் அதே சாயாக் கடை. குடித்து முடித்து எல்லாரும் ஏறியதும் ஜிபின் சாவியைத் திருகினான்.

"நில்லு மக்கா," என்றாள் ஜெயபாய். இருக்கையில் முழுக்கத் திரும்பி முட்டி போட்டுக்கொண்டு பார்த்தாள். "பின்னாடி ஆளு உண்டா?"

ஷாலுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உண்டு," என்றார் ராஜமணி.

அவர் முகம் தெரிகிறவரைக்கும் அவள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். தெரிந்த பிறகே திரும்பி உட்கார்ந்தாள். அவரும் இத்தனை வருடம் பெயர் கூப்பிட்டவர்தான். டைரியைப் பார்த்துத்தான் கூப்பிட்டார், திரும்பிப் பார்த்தது நினைவில் இல்லை.

ஜெபமும் பிரியாணியும் முடிந்து புறப்படும்போது ஜெயபாய் பின்கதவுப் பக்கம் வந்து நின்றாள். "நான் ஏறுதேன். உங்களுக்கு முட்டு நோவும்."

"நீ அங்கயே இரு."

"முன்னாடி இருந்தா லாரி எல்லாம் மேல வாற மாதிரி இருக்கு."

"கண்ண மூடிக்க."

"மூடினா பின்ன எப்பிடி காணுகது?" என்று சொல்லிக்கொண்டே போய் முன்னால் ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும் ராஜமணி சாப்பாட்டு மேசையில் கடிதத்தை விரித்தார். மூன்றாம் வரிசைப் பத்தியைப் பேனாவால் அடித்தார். அவர் கடிதத்தில் அடித்தல் இருக்காது. கெட்டால் தாளையே மாற்றுவார். அன்று மாற்றவில்லை. ஒரு வெள்ளைத் தாளை ஜெயபாய் முன்னால் நகர்த்தினார்.

"இத நீ எழுது."

அவள் கண்ணாடியைப் போட்டு, அடித்திருந்ததை வாசித்தாள். "யாரும் குறை சொன்னதில்லையா? யாரும்னா ஆரு?"

அவர் பேனாவை நீட்டினார்.

"உள்ளத எழுதினா வேல்சாமி அண்ணன் வண்டி வாங்க மாட்டாரு."

"வாங்காண்டாம்."

"ஏன் வாங்காண்டாம்? நல்ல வண்டியாக்கும். ஷாலுக்குப் பிரசவ நோவு எடுத்த அண்ணைக்கு அந்தத் தண்ணியில வேற எந்த வண்டி போச்சு?" பேனாவை வாங்கிக்கொண்டாள். "நான் மாடம்மாளுக்கு எழுதுதேன். அது பொண்ணுங்களுக்குள்ள உள்ளது. நீங்க வாசிக்கப்பிடாது."

எழுத அரைமணி நேரம் ஆயிற்று. இடையில் ஒரு தடவை தனக்குத்தானே சிரித்தாள். ஒரு தடவை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். தாள் போதாமல் இன்னொன்று கேட்டாள். ராஜமணி ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். வாசலில் வண்டி சேறு காயாமல் நின்றது. பின்பக்கச் சின்னக் கண்ணாடியை வெளியிலிருந்து துடைத்தார்.

"சொட்டு மருந்து நேரமாச்சு, வந்து கிடங்க."

சோபாவில் மல்லாந்து கிடந்தார். அவள் இமையை விரித்து இரண்டு சொட்டு விட்டாள். "அஞ்சு நிமிசம் திறக்கப்பிடாது." கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். காகிதம் மடியும் சத்தம், விரல் நகத்தால் மடிப்பை அழுத்தும் சத்தம், பசைக் குப்பியின் மூடி.

"ஜெயா."

"ம்."

"என்ன எழுதின?"

"ஒண்ணுமில்ல."

கண்ணைத் திறந்தபோது உறை தயாராக இருந்தது. போன தடவையைவிடக் கனம். பசையைத் தாராளமாகப் போட்டிருந்தாள். ஓரத்தில் பிதுங்கி அவர் கட்டைவிரலில் ஒட்டியது. தபால் பெட்டி தெருமுனையில்தான், ஐந்து மணிக்கு எடுப்பார்கள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்தார். ஈரம் காய்வதற்குள் விரலை நுழைத்தால் உறை சத்தமில்லாமல் பிரியும். மருந்து விட்ட கண்ணில் தெரு கலங்கித் தெரிந்தது. கோயில் மதில் வரை வந்தபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஜெயபாய் வாசலில், வண்டியின் முன்கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

பெட்டி வருவதற்குள் பசை காய்ந்துவிட்டது. உறையை உள்ளே விட்டு, அடியில் விழும் சத்தம் கேட்கிறவரை கையை எடுக்காமல் நின்றார்.