பாசி போன சுவர்

சோழபுரத்திலிருந்து இன்பத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள், திரும்பும்போது தெருவில் நின்று வீட்டின் வெளிச்சுவரை ஏறிட்டுப் பார்த்தார்கள். "வெளியிலயே இப்பிடிக் கருத்துக் கெடக்கே, உள்ள எப்பிடி இருக்குமோ" என்று அவர்களில் ஒரு பெண் சொன்னது, வாசலில் நின்ற அண்ணன் தேவநேசனின் காதில் விழுந்தது. அதன்பிறகு அவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை. பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது என்பது காரணமாக இருக்கலாம். தாய் தகப்பன் இல்லாதவள் என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் தேவநேசனுக்குச் சுவர்தான் காரணமாகப் பட்டது. அவனால் மாற்ற முடிந்தது அது ஒன்றுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் இருந்தது வீடு. தெருப்பக்கத்துச் சுவர் வடக்கே பார்த்தது, வெயில் படாது. முந்தின வருஷம் அம்மா இறந்ததால் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் யுத்தத்தைச் சொல்லி அடிக்கவில்லை. பாசி முதல் மழையில் பச்சையாக ஏறி, கோடையில் கருத்து, அடுத்த மழையில் கருப்பின் மேலேயே மறுபடி பச்சை ஏறியிருந்தது.

1944 ஐப்பசியில், வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டும் பரிபூரணம் அம்மாள் புதிய சம்பந்தம் ஒன்றோடு வந்தாள்.

"சுந்தரபாண்டியத்து ராஜரத்தினம் வாத்தியாரு, மகனுக்குப் பாக்காக. பையன் தபாலாபீசுல இருக்கான். வயசெல்லாம் சொல்லிட்டேன், சரின்னுட்டாக. புதங்கெழம வாராக" என்றாள். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "வாத்தியாரு தங்கமானவரு. ஆனா கண்ணு மட்டும் பரீச்சப் பேப்பர் திருத்துற கண்ணு. அந்தச் சொவத்த என்னமும் செய்யி தம்பி."

புதன்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. வெள்ளையடிக்கிற சிவனாண்டியைத் தேவநேசன் அழைத்து வந்தான். அவன் சுவரை நகத்தால் கீறினான். பாசியோடு பழைய பூச்சும் மணலாக உதிர்ந்து அவன் கால்மேல் கொட்டியது.

"இது மேல சுண்ணாம்பு அடிச்சா அப்பளமா உரிஞ்சிரும்யா. சொரண்டுனா பூச்சும் கூடவே வந்துரும். பொறவு பூசணும். இந்த ஈரத்துல பூசுனா பொங்கலுக்குத்தான் காயும்."

"புதங்கெழமைக்குள்ள ஒண்ணும் ஆவாதா?"

"புதங்கெழமைக்குள்ளயா? ஒரு நல்ல வேட்டியா எடுத்துச் சொவத்துக்குக் கட்டி விடுங்க" என்று சிரித்துவிட்டுப் போனான் சிவனாண்டி.

இன்பம் தேங்காய் நாரும் சாம்பலுமாகத் தேய்த்துப் பார்த்தாள். ஒரு முழம் தேய்ப்பதற்குள் புறங்கை தோல் உரிந்தது. தேய்த்த இடம் வெளுக்கவில்லை. கரி அப்பியது போல் இழுவிக்கொண்டது.

"கையெட்டுற மட்டும் தேச்சிருதேன் அண்ணே. மேல உள்ளத யாரு அண்ணாந்து பாக்கப் போறா?"

"அவரு பாப்பாரு. விடு ஏட்டி. கை புண்ணாப் போச்சுன்னா அதயும் பாப்பாரு."

சனிக்கிழமை வேலையில் இருந்தபோதுதான் தேவநேசனுக்கு அந்த வழி தோன்றியது. தினமும் காலை ரயிலில் ராஜபாளையம் போய், பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி வெளுத்து அனுப்பும் கொட்டகை ஒன்றில் மூன்று வருஷமாக அவன் வேலை செய்தான். பிளீச்சிங் பவுடரைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, தூள் அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, அதில் துணியை ஊறவைப்பார்கள். பழுப்புக் கறை படிந்த துணிகூடப் பால் போல வெளுத்து வரும். தொட்டியைச் சுற்றியிருந்த சுவரில் மட்டும் பாசி என்பதே கிடையாது. எத்தனையோ நாள் அதன்மேல் சாய்ந்து நின்றிருக்கிறான், அன்றைக்குத்தான் கவனித்தான்.

அந்தக் கொட்டகைக்குப் புதிதாக வருகிறவன் முதல் வாரம் முழுக்கக் கண்ணீர் விடுவான், இருமுவான். ஆறு மாதத்தில் எல்லாம் அடங்கிவிடும். அதோடு மூக்கும் அடங்கிவிடும். ஊசிப்போன கருவாட்டைக் குழம்பு வைத்தாலும் கொட்டகைக்காரன் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். தேவநேசனும் அதற்குச் சிரித்திருக்கிறான்.

மேஸ்திரியிடம் கேட்டு, பீப்பாயின் அடியில் கட்டி தட்டிப்போயிருந்த பவுடரைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தான். திங்கட்கிழமை லீவு போட்டான். பானையில் கரைத்து, தெளியவைத்து, வேட்டியால் இரண்டு முறை வடிகட்டினான். சுவரில் வெள்ளைத் தூள் ஒரு துளிகூடத் தங்கிவிடக்கூடாது என்பதில் அவன் கருத்தாக இருந்தான். வாசலில் வெள்ளைத் தூளைக் கண்டால் ஊர் என்ன நினைக்கும் என்று அவனுக்குத் தெரியும். வாந்திபேதி வந்த வீட்டுக்கு முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து நிலைப்படியிலும் சாக்கடையிலும் அந்தத் தூளைத்தான் தூவிவிட்டுப் போவார்கள். போன வருஷம் அம்மா இறந்த அன்று இந்த வாசலிலும் தூவினார்கள்.

ஏணி வைத்து, தென்னை மட்டையை நசுக்கிச் செய்த தூரிகையால் மேலிருந்து கீழே பூசினான். அரைமணியில் பச்சை மஞ்சளானது. ஒருமணியில் கருப்பு பழுப்பானது. பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவினான். அத்தனையும் சுவரோரத்துச் சாக்கடையில் இறங்கி ஓடியது. மத்தியானம் சுவர் வெளுத்துப்போய் நின்றது. பூச்சு ஒரு மணல்கூட உதிரவில்லை. ஏணியை விட்டு இறங்கி, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தான்.

இன்பம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நாத்தம் அடிக்கி அண்ணே."

"என்ன நாத்தம்? எங்க?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியலையா?"

"தண்ணி காயட்டும். ரெண்டு நாள் காத்துக்கு எல்லாம் போயிரும்."

செவ்வாய்க்கிழமை கிணற்றடியில், பக்கத்து வீட்டு அழகுத்தாய் இன்பத்திடம், "ஏட்டி, ஒங்க வீட்டுல யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் இன்பம் அதை அண்ணனிடம் சொன்னாள்.

"அவ வீட்டுச் சொவரு கருப்பா இருக்குல்லா, அந்த எரிச்சல்" என்றான் தேவநேசன். சொல்லிவிட்டு வெளியே போய்ச் சுவரருகே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. திருப்தியோடு உள்ளே வந்தான்.

புதன்கிழமை காலையில் தூறல் பிடித்தது. காய்ந்திருந்த சுவர் மறுபடி நனைந்தது.

ராஜரத்தினம் வாத்தியாரும் அவருடைய அக்காள் ஜெயபாயும் கூமாப்பட்டியிலிருந்து சுந்தரபாண்டியம் வழியாக வருகிற, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரிவண்டி பஸ்ஸில் வந்து இறங்கி, பரிபூரணம் அம்மாளோடு தெருவில் நடந்து வந்தார்கள். வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது ஜெயபாய் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாத்தியார் குடையை உயர்த்திச் சுவரைப் பார்த்தார். பிறகு சாக்கடையைப் பார்த்தார். தேவநேசன் கை கூப்பிக்கொண்டு ஓடினான்.

"சுவர் நல்ல வெள்ளையாயிருக்கே தம்பி. என்ன போட்டீங்க?"

அவர் கேட்கமாட்டாரா என்றுதான் அவன் ஏங்கிக்கொண்டிருந்தான். "எங்க கொட்டகையில துணி வெளுக்கிற பவுடர்தான் ஐயா. பாசி பிடிச்சிருந்தது. நானே கரைச்சுப் பூசினேன்."

"பாசிக்கா?"

"பாசிக்குத்தான் ஐயா."

வாத்தியார் அக்காளைப் பார்த்தார். அவள் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

இருவரும் உள்ளே வந்து, கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்கள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குள் இன்பம் அம்மாவின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, காபி டம்ளர்களோடு அழைப்புக்குக் காத்திருந்தாள். ஜெயபாயின் பார்வை அந்தக் கதவை விட்டு நகரவில்லை.

"அம்மா எப்பிடித் தவறினாக?"

"வாந்திபேதி அம்மா. போன வருசம்."

"போன வருசமா?"

"ஆமா. போன ஐப்பசியில."

"தங்கச்சி காபி கொண்டு வரட்டுமா?" என்று பரிபூரணம் அம்மாள் அவசரமாகக் கேட்டாள்.

"வேண்டாம், வேண்டாம். நான் இன்னைக்கு உபவாசம்" என்றாள் ஜெயபாய்.

"எனக்கும் பித்தம். காபி ஒத்துக்காது" என்றார் வாத்தியார்.

"ஒரு வாய் தண்ணியாவது..."

"தண்ணியும் வேண்டாம் தம்பி. பஸ்ஸைப் பிடிக்கணும். பொண்ணைச் சிரமப்படுத்த வேண்டாம். பொறவு ஒருநாள் பாத்துக்கிடலாம். ஒரு ஜெபம் பண்ணிட்டுப் புறப்படுறோம்."

எல்லாரும் எழுந்து தலை குனிந்தார்கள். முப்பது வருஷம் பள்ளிப்பிள்ளைகளை ஜெபத்தில் நிறுத்திய குரல் அது. நிதானமாக, இரக்கத்தோடு வந்தது. வழியெல்லாம் காத்ததற்கு நன்றி சொன்னார். பிறகு, இந்த வீட்டில் வியாதியாய்ப் படுத்திருக்கிறவர்களுக்குச் சுகம் தரவேண்டும், கொள்ளைநோய் இந்தத் தெருவோடு நின்றுபோக வேண்டும் என்று வேண்டினார்.

தேவநேசன் கண்ணைத் திறந்தான். ஜெயபாயும் திறந்த கண்ணோடு உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமென்" என்றார்கள்.

"ஐயா, இங்க யாரும் படுத்திருக்கல. நானும் தங்கச்சியும்தான். கூப்பிடுறேன், பாருங்க. ஏட்டி இன்பம்..."

"நல்லது தம்பி, நல்லது. கடுதாசி போடுறோம்" என்று அவன் தோளைத் தொடாமல் கையை மட்டும் உயர்த்திவிட்டு வாத்தியார் படியிறங்கினார். உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு இன்பம் வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. அவன் தூறலில் தெருமுனைவரை பின்னால் ஓடினான். பரிபூரணம் அம்மாள் வழியை மறித்தாள்.

"நீ சொல்லச் சொல்ல அவியளுக்குச் சந்தேகம்தான் கூடும். அப்பிடி என்னத்தப்பா போட்ட? அந்தத் தெருவுக்குள்ள நொழஞ்சதும் எனக்கே ஒங்கம்மா செத்த வீடு ஞாபகம் வந்துட்டு."

அவன் திரும்பி வந்தான். அம்மா இறந்த அன்று வாசலில் கிடந்த வெள்ளைக் கோடு அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. நாற்றம் எதுவும் நினைவில்லை. அப்போதே அவன் கொட்டகைக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருஷமாகியிருந்தது.

இன்பம் பட்டுச்சேலையோடு வாசலில் நின்றாள். ஆறிப்போன மூன்று டம்ளர் காபியும் தட்டில் அப்படியே அவள் கையில் இருந்தன. அவன் அவளைத் தாண்டிப் போய்ச் சுவரில் மூக்கை வைத்து அழுத்தி மூச்சை இழுத்தான். ஈரமும் குளிர்ச்சியும் மட்டும் தெரிந்தன.

"இன்னமும் வருதா ஏட்டி?"

"வருது அண்ணே."

அவன் மறுபடி மூச்சை இழுத்தான்.