பெட்டிமேல் உதயகுமார்

ஆம்புலன்ஸிலிருந்து பெட்டியை இறக்க நாலு பேர் கைகொடுத்தார்கள். தலைமாட்டைப் பிடித்தவன் உதயகுமார். வாசலில் போட்ட பெஞ்சின்மேல் வைத்த பிறகுதான் பெட்டியில் ஒட்டியிருந்த தாளை அவன் பார்த்தான். ‘உதயகுமார், வயது 36, பரளச்சி’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டான்.

கஸ்தூரியும் பார்த்தாள். உள்ளே கிடப்பது அவள் புருஷன் சுந்தரபாண்டி, உதயகுமாரின் அண்ணன். ஊருக்கே தெரிந்த சங்கதி இது, மலேசியாவுக்கு மட்டும்தான் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலை விசா வந்தது தம்பிக்குத்தான். புறப்பட எட்டு நாள் இருக்கும்போது அருப்புக்கோட்டை ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். “விசா வீணாப் போகுதேய்யா. அண்ணன் தம்பிக்கு ஒரே முகவெட்டுத்தான?” என்றான் ஏஜெண்ட் ராஜபாண்டி. குடும்பமே தலையாட்டியது. தம்பி பாஸ்போர்ட்டில் அண்ணன் விமானம் ஏறினான். பக்கத்தில் ஆள் இருந்தால் போனில், “உதயகுமார் பேசுறேன்” என்பான். கஸ்தூரி வயிறு வலிக்கச் சிரிப்பாள். புத்திகெட்ட சிரிப்பு! கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தாலும் அந்தப் பெயரில்தான் சாவான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ராஜபாண்டி அவளை மாட்டுக்கொட்டத்துப் பக்கம் கூப்பிட்டான்.

“தங்கச்சி, கம்பெனிக்காரன் பதினோரு மணிக்கு வீடியோவுல வாரான். பொணத்துக்குப் பக்கத்துல பொஞ்சாதியப் பாக்கணுமாம். பாத்துட்டுத்தான் நஷ்டஈட்டுக்கு எழுதுவானாம்.”

“நாந்தான இருக்கேன்.”

அவன் தலையைச் சொறிந்தான். “பாஸ்போர்ட்டுல பொஞ்சாதி பேரு தங்கச்செல்வின்னுல்ல இருக்கு.”

தங்கச்செல்வி உதயகுமாரின் மனைவி.

“உள்ளதச் சொல்லிட்டா?”

“அப்படி ஒரு ஆளு எங்ககிட்ட வேலையே பாக்கலன்னுருவான். அடுத்தவன் பாஸ்போர்ட்டுல வந்தவனுக்கு ஒரு சட்டமும் பேசாது. உதயகுமாரு மேல கேஸு வேற வரும்.”

“அப்ப மூணு வருசம் அங்க செங்கல்லு சொமந்தது ஆருண்ணே?”

“மணி ஆகுது தங்கச்சி,” என்றான் ராஜபாண்டி.

பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள் மகள் தீபலட்சுமி. அவளை நர்சிங் படிக்க வைக்கத்தான் சுந்தரபாண்டி கடல் தாண்டியதே. பிணத்துக்குப் பக்கத்தில் பெண்டாட்டியாகத் தான் உட்கார வேண்டும் என்று கேட்டதும் தங்கச்செல்வி பின்வாங்கினாள். “அக்கா, அவுக உசுரோட இருக்கயில நான் எப்படிக்கா…” என்றவள் நெற்றியைக் கையால் பொத்திக்கொண்டாள். கஸ்தூரி வற்புறுத்தவில்லை. எந்த வாயால் கேட்பாள்?

தங்கச்செல்வி கொஞ்ச நேரம் தீபலட்சுமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. தாலியை ரவிக்கைக்குள் தள்ளியிருந்தாள்.

உதயகுமாரை உள்ளே போகச் சொன்னான் ராஜபாண்டி. செத்தவன் வீடியோவில் தெரிந்தால் காரியம் கெட்டுவிடும். அவன் கதவைச் சாத்திக்கொண்டான். தீபலட்சுமியையும் எழுப்பிவிட்டார்கள். உதயகுமாருக்குப் பிள்ளை கிடையாது.

“எங்கப்பாம்மா…” என்றது பிள்ளை.

“செத்த நேரம் இங்க வா தாயி,” என்று கஸ்தூரி அவளை இழுத்துக்கொண்டாள்.

மூடி திறந்தது. மூன்று வருஷம் கழித்துப் புருஷன் முகத்தைக் கஸ்தூரி ராஜபாண்டியின் தோளுக்குப் பின்னால் நின்று, போனில்தான் பார்த்தாள். உள்ளங்கை அளவுகூட இல்லை. தாடி வளர்ந்திருந்தது. ஓடிப்போய் மேலே விழ உடம்பு துடித்தது. மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இவரு உங்க கணவருங்களா?” போனுக்குள்ளிருந்து ஒருவன் தமிழில் கேட்டான்.

“ஆமா.”

“பேரு சொல்லுங்க.”

கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகப் புருஷன் பெயரைத் தங்கச்செல்வி வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவாள்.

“உதயகுமாரு,” என்றாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு கேவல் கேட்டு அடங்கியது.

போன் அணைந்ததும் தீபலட்சுமி ஓடிப்போய் அப்பா மேல் விழுந்தாள். தங்கச்செல்வி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி அவள் முன்னால் போய்க் குத்தவைத்தாள். கஸ்தூரியின் நெற்றியில் குங்குமம் இன்னும் இருந்தது. பெட்டி வாசலைத் தாண்டும்வரைக்கும் இருக்கும். அதை விரலில் தொட்டு எடுத்துத் தங்கச்செல்வியின் நெற்றியில் வைத்தாள். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது.